விண்ணகத் தோட்டம் கண்ட வில்லியம் ஹெர்ஷல்

மழைக்கால மாலையொன்றில் புற்றிலிருந்து சிறகு முளைத்துக் கிளம்பும் ஈசல், மறுநாள் பொழுது விடியுமுன் மடிந்துபோகிறது. அவ்வீசல் ஓர் ஆலமரத்தின் வரலாற்றை எழுத முற்படுமாயின் என் செய்யும்? விதை முளை விடுவதையோ, கன்று மரமாவதையோ, விழுது மண்ணில் ஊன்றுவதையோ அதனால் காண இயலாது. அதன் கண்ணுக்கு மரம் என்றும் அசையாது நிற்கும் ஒரு பொருளே. எனினும் அது அறிவுடைய ஈசலாயின் அதற்கு ஒரு வழி உண்டு. தோப்பு முழுவதும் பறந்து திரிந்து, முளையையும் கன்றையும் முதுமரத்தையும் பட்டுப்போன கட்டையையும் அது ஒருங்கே கண்டுவிடலாம். கண்டவற்றை முறைப்பட வரிசைப்படுத்தினால் ஒரு மரத்தின் முழு வாழ்வும் அதற்குப் புலப்பட்டுவிடும்.

விண்மீன்களை நோக்கும் மனிதனின் நிலையும் இதுவே. நம் கதிரவன் தோன்றி ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் ஆயுளில் இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் எஞ்சியுள்ளன. நூறாண்டு வாழ்வதே அரிதாகிய மனிதன் ஒரு விண்மீனின் பிறப்பையும் வளர்ச்சியையும் இறப்பையும் எவ்வாறு அறிவது? தோப்பில் பறக்கும் ஈசலின் வழியை வானியலில் முதன்முதலாகப் பேரளவில் கையாண்டவர் வில்லியம் ஹெர்ஷல் ஆவார். தொழிலால் அவர் ஓர் இசைவாணர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் வானியல் பயின்றவர் அல்லர். அவருடைய வாழ்வையும், விண்மீன்களின் வாழ்வை அவர் படித்தறிய முயன்ற முறையையும் இக்கட்டுரை சுருக்கமாக எடுத்துரைக்கிறது.

ஹனோவர் நகரின் இசைக்குடும்பம்

இன்று ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகரில் 1738ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் ஹெர்ஷல் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரடெரிக் வில்ஹெல்ம் என்பது. தந்தையார் ஐசக், காவற்படையின் இசைக்குழுவில் ஓபோ என்னும் துளையிசைக் கருவியை வாசித்து வந்தவர். வருவாய் குறைவு, பிள்ளைகள் பலர். ஆயினும் அவ்வில்லத்தில் இசைக்கும் அறிவுரையாடலுக்கும் குறைவிருந்ததில்லை. தெளிந்த இரவுகளில் பிள்ளைகளுக்கு விண்மீன்களைச் சுட்டிக்காட்டி மகிழ்வது தந்தையாரின் வழக்கம். பதினான்கு வயதிலேயே வில்லியமும் தந்தையார் பணியாற்றிய படையின் இசைக்குழுவில் சேர்ந்தார்.

1757ஆம் ஆண்டு ஏழாண்டுப் போர் ஹனோவரின் வாயிலை எட்டியது. ஹாஸ்டன்பெக் என்னுமிடத்தில் ஹனோவர்ப் படை பிரெஞ்சுப் படையிடம் பின்வாங்கியது. நகரம் பகைவர் வசமாயிற்று. அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் வில்லியம் தம் தமையனாருடன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அக்காலத்தில் ஹனோவருக்கும் இங்கிலாந்திற்கும் மன்னர் ஒருவரே ஆதலின், அந்நாடு அவருக்கு முற்றிலும் அயலானதன்று. எனினும் கையில் பொருளில்லாத பத்தொன்பது வயது இளைஞருக்கு அது அந்நிய மண்ணே. இசைக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர் வட இங்கிலாந்தின் ஊர்கள் பலவற்றில் இசை கற்பித்தும் இசைக்குழுக்களை நடத்தியும் வந்தார். இருபதுக்கும் மேற்பட்ட சிம்பொனிகளையும் இயற்றினார். 1766ஆம் ஆண்டின் இறுதியில், செல்வர்கள் நீராடவும் பொழுதுபோக்கவும் கூடும் பாத் நகரில், ஒரு வழிபாட்டுக் கூடத்தின் ஆர்கன் இசைஞராக அமர்ந்தார்.

ஆடி தேய்த்த கைகள்

பாத் நகரில் ஹெர்ஷலின் வாழ்வு வளமுற்றது. பகலெல்லாம் மாணாக்கர், மாலையில் கச்சேரிகள். இசையின் கணக்கை அறிய விழைந்து ராபர்ட் ஸ்மித் என்பார் எழுதிய நூலை அவர் படித்தார். அவ்வாசிரியரே ஒளியியல் பற்றியும் நூல் எழுதியிருந்தமையால் அதனையும் வாங்கிப் படித்தார். தொலைநோக்கி செய்யும் முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. இசையில் தொடங்கிய தேடல் இவ்வாறு விண்ணில் சென்று நின்றது.

1772ஆம் ஆண்டு அவர் ஹனோவர் சென்று, தம்மினும் பதினோராண்டு இளைய தங்கை கரோலினைப் பாத் நகருக்கு அழைத்து வந்தார். சிறு வயதில் கண்ட கொடிய காய்ச்சலால் வளர்ச்சி குன்றி, வீட்டு வேலையே விதியென ஒதுக்கப்பட்டிருந்தவர் கரோலின். பாடகியாகப் பயிற்றுவிக்கவே தமையனார் அவரை அழைத்து வந்தார். அவ்வாறே அவர் மேடைகளிலும் பாடினார். ஆனால் சில ஆண்டுகளிலேயே அவ்வில்லம் ஒரு தொழிற்கூடமாக மாறிவிட்டது.

விலைக்குக் கிடைத்த தொலைநோக்கிகள் ஹெர்ஷலுக்கு நிறைவளிக்கவில்லை. பெரியவற்றை வாங்கப் பொருளும் இல்லை. ஆதலின் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த உலோகத்தைத் தாமே தேய்த்து மெருகேற்றி ஆடிகளை உருவாக்கத் தொடங்கினார். மெருகேற்றும்போது இடையில் கையை எடுத்தால் ஆடியின் வடிவு கெட்டுவிடும். ஒருமுறை தொடர்ந்து பதினாறு மணி நேரம் அவர் கையை எடுக்காமல் தேய்த்தார் என்றும், அவ்வேளைகளில் கரோலின் அருகிருந்து உணவை வாயில் ஊட்டினார் என்றும், களைப்புத் தெரியாமலிருக்க ஆயிரத்தொரு இரவு அரபுக் கதைகள் முதலியவற்றைப் படித்துக் காட்டினார் என்றும் அவ்வம்மையாரின் நினைவுக் குறிப்புகளால் அறிகிறோம். 1781ஆம் ஆண்டு ஒரு பேராடியை வார்த்தபோது உருகிய உலோகம் வழிந்து தரையில் பாய்ந்தது. கல் பாவிய தரை வெடித்துச் சிதறியது. அங்கிருந்தோர் உயிர் தப்பியதே அரிதாயிற்று. ஹெர்ஷல் மனம் தளரவில்லை.

1774ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாளன்று அவருடைய நோக்குக் குறிப்பேடு தொடங்குகிறது. அன்று அவர் கண்டெழுதியவற்றுள் ஒன்று, ஓரியன் என்னும் விண்மீன் குழுவிலுள்ள ஒளிப்படலமாகும். நாம் திருவாதிரை என வழங்கும் செம்மீன் விளங்குவதும் அக்குழுவிலேயே. அப்படலம் யாதென அன்று எவரும் அறியார்.

புதிய கோள்

1781ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் இரவு, தம் வீட்டுத் தோட்டத்தில், தாமே செய்த ஏழடித் தொலைநோக்கியால் இரட்டை விண்மீன்களைத் தேடிக்கொண்டிருந்தார் ஹெர்ஷல். இடப ஓரைக்கும் மிதுன ஓரைக்கும் இடைப்பட்ட எல்லையில் ஒரு மீன் சிறு தட்டுப்போல் தோன்றியது. அப்போது அவர் கருவியின் உருப்பெருக்கம் 227 மடங்கு. 460 மடங்காகவும் 932 மடங்காகவும் உயர்த்தியபோது அதன் உருவமும் பெருத்தது. விண்மீன்கள் அவ்வாறு பெருப்பதில்லை. ஆதலின் அது வால்மீனாக இருக்கலாமென அவர் அறிவித்தார். பிற அறிஞர்கள் அதன் பாதையைக் கணித்தபோது அது கதிரவனை ஏறத்தாழ வட்டப் பாதையில் சுற்றும் ஒரு கோள் எனத் தெரிந்தது. இன்று யுரேனஸ் என வழங்கப்படுவது அதுவே.

பண்டைக் காலந்தொட்டுச் சனியே கடைசிக் கோள் என்றிருந்த எண்ணம் அன்று தகர்ந்தது. கதிரவன் குடும்பத்தின் எல்லை ஒரே இரவில் இருமடங்காயிற்று. ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கி, ஹெர்ஷலை உறுப்பினராகவும் ஏற்றது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1782ஆம் ஆண்டு அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் உதவியளித்தார். இசைத் தொழிலில் கிடைத்ததைக் காட்டிலும் இது குறைவே. எனினும் இரவுகள் முழுவதும் தமக்கே உரியவாகும் என்பதற்காக ஹெர்ஷல் இசையைத் துறந்து வின்ஸர் அரண்மனைக்கு அருகில் குடியேறினார்.

உலகம் அவரை யுரேனஸ் கண்டவர் என்றே நினைவில் வைத்துள்ளது. ஆயினும் விண்ணில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பதோடு அவை எவ்வாறு உண்டாயின என்பதையும் அறிய வேண்டுமென்ற வேட்கையே அவருடைய பிற்கால நாற்பதாண்டுகளை ஆட்கொண்டது.

இரண்டாயிரத்து ஐந்நூறு ஒண்முகில்கள்

வானில் ஆங்காங்கே மங்கிய வெண்படலங்கள் சில தென்படுகின்றன. இவற்றை மேலைநாட்டார் நெபுலா என்பர். தமிழில் ஒண்முகில் எனலாம். அரபு வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, ஏறத்தாழ 964ஆம் ஆண்டில் இயற்றிய நிலைவிண்மீன்கள் பற்றிய நூலில், ஆந்திரமேடா விண்மீன் குழுவிலுள்ள இத்தகைய ஒன்றைச் சிறு முகிலெனக் குறித்துள்ளார். பிரெஞ்சு நாட்டு சார்லஸ் மெஸ்ஸியே, வால்மீன் தேடுவோர் இவற்றைக் கண்டு ஏமாறாதிருக்கும் பொருட்டு 103 பொருள்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். அப்பட்டியல் ஹெர்ஷலின் கைக்குக் கிடைத்தது. பிறர் இடையூறென ஒதுக்கியவற்றையே அவர் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார்.

1783ஆம் ஆண்டு அக்டோபர் முதல், ஏறத்தாழ 19 அங்குல விட்டமுள்ள ஆடி பொருத்திய இருபதடித் தொலைநோக்கியைக் கொண்டு வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவத் தொடங்கினார். அண்ணன் உயர்ந்த மேடைமீது நின்று கண்டதைக் கூவுவார்; தங்கை விளக்கொளியில் கடிகாரமும் விண்மீன் வரைபடமும் அருகில் வைத்துக்கொண்டு எழுதுவார். விளக்கொளியைக் கண்டால் இருளுக்குப் பழகிய விழி மங்கிவிடும் ஆதலின், நோக்குபவர் எழுதலாகாது. எனவே இப்பணி இருவரின்றி நடவாதது. பகலில் அக்குறிப்புகளைச் சீர்செய்து கணக்கிட்டுப் படியெடுப்பதும் கரோலின் பணியே. அவ்வாண்டின் கடைசி நாளிரவில், பனி மூடிய தரையில் ஓடியபோது கருவியின் இரும்புக் கொக்கியொன்று அவர் காலில் ஆழப் பாய்ந்தது. அக்காயத்தோடும் அவர் பணியைத் தொடர்ந்தார்.

இருபதாண்டுக் காலம் இத்துழாவல் நடந்தது. 1786, 1789, 1802 ஆகிய ஆண்டுகளில் வெளியான மூன்று பட்டியல்களில் 2500 ஒண்முகில்களும் விண்மீன் கொத்துகளும் இடம்பெற்றன. இடையே கரோலின் தாமே எட்டு வால்மீன்களைக் கண்டறிந்தார். 1787 முதல் அவருக்கும் அரசு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தது.

1790ஆம் ஆண்டின் ஓர் இரவு

இவ்வொண்முகில்கள் யாவை? தொடக்கத்தில் ஹெர்ஷலின் விடை தெளிவாக இருந்தது. சிறு கருவியில் முகிலாகத் தெரிந்த பல, அவருடைய பெருங்கருவியில் தனித்தனி விண்மீன்களாகப் பிரிந்து தோன்றின. ஆதலின் எல்லா ஒண்முகில்களும் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களே. பிரியாதவை மிகு தொலைவில் உள்ளவை என அவர் முடிவு செய்தார். 1785ஆம் ஆண்டு இக்கருத்தை அச்சிலும் வெளியிட்டார்.

1790ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இரவு இடப ஓரையில் அவர் கண்ட ஒரு பொருள் இம்முடிவைக் குலைத்தது. நடுவில் ஒரு விண்மீன். அதனைச் சூழ்ந்து வட்டமான மங்கிய ஒளிப்படலம். விண்மீன் சரியாக நடுவில் அமைந்திருந்தமையால் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதில் ஐயமில்லை. படலமும் விண்மீன்களின் கூட்டமே எனில், அக்கூட்டத்தில் நடுமீன் ஒன்று மட்டும் அளவிறந்த பேருருவினதாக இருத்தல் வேண்டும். நடுமீன் இயல்பானதெனில், சுற்றியுள்ளவை நம்பவியலாத அளவு சிறியனவாக இருத்தல் வேண்டும். இரண்டும் பொருந்தாமையால், அது விண்மீன் கூட்டமன்று. ஒளிரும் பாய்பொருளே என்ற முடிவுக்கு அவர் வந்தார். அப்பொருள் செறிந்து திரண்டு ஒரு விண்மீன் உருவாகக் கூடும் எனவும் கருதினார்.

இம்முடிவின் விலையை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அப்போது ஹெர்ஷலுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஐரோப்பா முழுவதும் புகழ் பரவியிருந்த காலம். மன்னரின் பொருளுதவியோடு 4000 பவுன் செலவில் நான்கடி அகல ஆடியுடன் நாற்பதடித் தொலைநோக்கியை அவர் நிறுவி முடித்ததற்கு முந்திய ஆண்டே. முகில்களை விண்மீன்களாகப் பிரித்துக் காட்டுவது அப்பேராடியின் பெரு நோக்கங்களுள் ஒன்று. அந்நிலையில், எத்துணைப் பெரிய ஆடியாலும் பிரிக்கவியலாத முகில்கள் உண்டு என்று கூறுவது தம் கருத்தையும் தம் கருவியின் பெருமையையும் ஒருசேரக் குறைத்துக்கொள்வதாகும். ஓராண்டு கழியுமுன், 1791இல், அவர் அதனை அச்சிலே கூறினார்.

தோட்டத்தின் முறை

விண்ணகத்தை ஒரு செழித்த தோட்டத்திற்கு ஒப்பிட்டு 1789ஆம் ஆண்டிலேயே ஹெர்ஷல் எழுதியிருந்தார். ஒரே செடி முளைத்துப் பூத்துக் காய்த்து வாடுவதை நின்று காண்பதும், அவ்வந்நிலையிலுள்ள பல செடிகளை ஒரே நேரத்தில் காண்பதும் பயனால் ஒன்றே என்பது அவர் கருத்து. காலத்தால் நீண்டதை இடத்தால் பரந்ததாகக் கொண்டு படிக்கும் முறை இது.

1811ஆம் ஆண்டிலும் 1814ஆம் ஆண்டிலும் வெளியிட்ட பெருங்கட்டுரைகளில் இம்முறையை அவர் முழுமையாகக் கையாண்டார். உருவமின்றிப் பரந்த படலம் முதலில், நடுப்பகுதி சற்றே ஒளிமிக்க படலம் அடுத்து, பின்னர் உருண்டையாகச் சுருங்கியது, கருவொன்று தோன்றியது, படலம் சூழ்ந்த விண்மீன், முடிவில் தெளிந்த விண்மீன் என அடுக்கிக் காட்டினார். ஒரு குழந்தையின் உருவை ஆண்டுதோறும் எழுதி வைத்தால் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டினும், இவ்வரிசையில் அடுத்தடுத்த படிகளுக்கிடையேயுள்ள வேறுபாடு மிகுதியன்று என்பது அவர் வாதம். இத்திரட்சியை நிகழ்த்தும் ஆற்றல் ஈர்ப்பு விசையே என அவர் கொண்டார்.

ஈர்ப்பு விசை கதிரவன் குடும்பத்திற்கு அப்பாலும் ஆட்சி செய்கிறது என்பதற்கும் அவரே சான்று தந்தவர். மிதுன ஓரையிலுள்ள காஸ்டர், நம் புனர்பூச மீன்களுள் ஒன்று. அது தொலைநோக்கியில் இரு மீன்களாகத் தெரியும். இத்தகைய இரட்டைகளைப் பல்லாண்டு அளந்து, அவை ஒன்றையொன்று சுற்றுகின்றன என 1803ஆம் ஆண்டு அவர் நிறுவினார்.

கோள்களின் தோற்றத்தையும் இவ்வாறே விளக்கலாமென அக்காலத்தில் சிந்தித்தோர் உளர். ஜெர்மானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் கான்ட் 1755ஆம் ஆண்டிலும், பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் 1796ஆம் ஆண்டிலும், சுழலும் முகிலொன்றிலிருந்து கதிரவனும் கோள்களும் தோன்றின என்ற கருதுகோளை முன்வைத்தனர். ஹெர்ஷல் 1802ஆம் ஆண்டு பாரிஸ் சென்றபோது லாப்லாஸைச் சந்தித்தார். தாம் எண்ணத்தால் கண்ட முகில்களை விண்ணில் காட்டியவர் ஹெர்ஷல் என்பதை உணர்ந்த லாப்லாஸ், தம் நூலின் பிற்காலப் பதிப்புகளில் அவருடைய நோக்குகளைத் துணையாகக் கொண்டார்.

இன்றைய அறிவியலின் தீர்ப்பு

ஹெர்ஷலின் தோட்டத்தை இன்றைய அறிவியல் எவ்வாறு மதிப்பிடுகிறது? 1864ஆம் ஆண்டு வில்லியம் ஹக்கின்ஸ் என்பார் ஒண்முகிலொன்றின் ஒளியை நிறமாலைநோக்கியால் பகுத்தார். விண்மீன் ஒளிக்குரிய தொடர்நிறப் பட்டைக்கு மாறாகத் தனி ஒளிக்கோடுகளே தோன்றின. அது வளிமமே எனத் தெளிவாயிற்று. 1790ஆம் ஆண்டின் முடிவு எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால் அவருடைய வரிசையில் பிழைகளும் இருந்தன. அவர் தொகுத்த முகில்களுள் பெரும்பாலானவை நம் பால்வழிக்கு அப்பாலுள்ள தனித்தனி அண்டங்கள் என்பது 1920களில் தெரியவந்தது. ஒரு விண்மீனின் கருவெனக் கருதப்பட்டவை பல கோடி விண்மீன்களின் பேருலகங்களாயின. 1790இல் கண்ட அந்த இடப ஓரைப் பொருளோ பிறக்கும் விண்மீன் அன்று; இறக்கும் விண்மீன். முதுமையுற்ற மீனொன்று தன் புறவடுக்குகளை உதிர்த்துவிட, அவை சுற்றிலும் ஒளிர்கின்றன. தொட்டிலென அவர் கண்டது உண்மையில் பாடையாகும். செடிகளைப் பிரித்தறிந்த அவருக்கு, மொட்டு எது, உதிர்ந்த பூ எது எனப் பிரித்தறியும் கருவி அன்று இல்லை. விண்மீன் எதனால் ஒளிர்கிறது என்பதே அறியப்படாத காலம் அது. கதிரவனின் உட்பகுதி குளிர்ந்த நிலமென்றும் அங்கே உயிர்கள் வாழ்கின்றன என்றும் அவர் நம்பியதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

விண்மீனின் வாழ்வை இன்று நாம் அறிந்துள்ள முறை வருமாறு: பால்வழியில் ஆங்காங்கே வளிமமும் தூசும் நிறைந்த முகில்கள் உள்ளன. அவற்றின் வெப்பநிலை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 263 செல்சியஸ் பாகை. குளிர் மிகுதியால் வளிமத்தின் அழுத்தம் தளர, செறிவுமிக்க பகுதிகள் தம் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சரிகின்றன. சரியச் சரிய வெப்பம் பெருகுகிறது. நடுப்பகுதியின் வெப்பநிலை ஒரு கோடி பாகையை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகத் தொடங்குகின்றன. அந்நிலையில் ஈர்ப்பும் அழுத்தமும் சமனுற்று விண்மீன் நிலைபெறுகிறது.

சரியும் முகில் சிறிதளவேனும் சுழன்றுகொண்டிருக்கும். அது சுருங்குந்தோறும் சுழற்சி விரைவுறும். எஞ்சிய பொருள் இளமீனைச் சுற்றித் தட்டாகப் பரவும். அத்தட்டில் தூசுகள் ஒட்டிக் கற்களாகி, கற்கள் மோதித் திரண்டு கோள்களாகின்றன. மீனுக்கு அருகில் வெப்பம் மிகுதியாதலின் பாறையும் உலோகமுமே திரள்கின்றன. தொலைவில் பனிக்கட்டியும் சேர்வதால் பெருங்கோள்கள் உருவாகின்றன. ஹெர்ஷல் கண்ட யுரேனஸ் இவ்வாறு உருவானதே. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்குள் தட்டு கலைந்துவிடுகிறது, கோள்கள் எஞ்சுகின்றன. 2014ஆம் ஆண்டு சிலி நாட்டின் அல்மா வானொலித் தொலைநோக்கிகள் இடப ஓரையிலுள்ள இளமீன் ஒன்றைச் சுற்றி வளையம் வளையமாகப் பிரிந்த தட்டைப் படமெடுத்தன. 1774இல் ஹெர்ஷல் முதன்முதலில் குறித்த ஓரியன் ஒண்முகிலிலும் 1990களில் ஹபிள் விண்தொலைநோக்கி இத்தகைய தட்டுகள் பலவற்றைக் காட்டியது. ஏறத்தாழ 1350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அது விண்மீன்களின் பிறப்பிடமே. அவ்வகையில் அவருடைய முதற்பக்கம் பொய்க்கவில்லை.

கதிரவனைப் போன்ற மீன் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள் ஒளிர்ந்து, பின் செம்பெருமீனாக வீங்கி, புறவடுக்குகளை உதிர்த்து, வெண்குறுமீனாக ஒடுங்குகிறது. அவ்வெண்குறுமீனின் பொருண்மை கதிரவனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டவியலாது என 1930களின் தொடக்கத்தில் நிறுவியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். பெருமீன்களோ சில கோடி ஆண்டுகளுக்குள்ளேயே வெடித்துச் சிதறுகின்றன. அவை உதிர்த்த பொருள் மீண்டும் முகிலோடு கலந்து அடுத்த தலைமுறை மீன்களுக்கும் கோள்களுக்கும் எருவாகிறது. நம் குருதியிலுள்ள இரும்பும் அவ்வாறு வந்ததே.

செம்மைக்கு அப்பாலுள்ள ஒளி

1800ஆம் ஆண்டு ஹெர்ஷல் மற்றொன்றையும் கண்டார். முப்பட்டகக் கண்ணாடியால் கதிரவன் ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்திற்கு அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்தில் வெப்பமானி மேலும் உயர்ந்தது. அகச்சிவப்புக் கதிர் அவ்வாறு அறியப்பட்டது.

விண்மீன்கள் பிறக்கும் இடங்கள் தூசு மண்டிய கருமுகில்கள். கட்புலனாகும் ஒளி அவற்றை ஊடுருவி வெளிவராது. அகச்சிவப்பு ஒளியோ பெரிதும் ஊடுருவி வரும். ஆதலின் விண்மீன் பிறப்பை ஆராய அவ்வொளியே இன்று தலைசிறந்த வாயில். ஐரோப்பிய விண்வெளி அமைப்பு 2009ஆம் ஆண்டு ஏவிய அகச்சிவப்பு விண்தொலைநோக்கி ஹெர்ஷலின் பெயரையே தாங்கியது. 2013 வரை இயங்கிய அது, முகில்கள் நூலிழைகளாகத் திரிந்து அவ்விழைகளில் விண்மீன்கள் கருக்கொள்வதைக் காட்டிற்று.

1790ஆம் ஆண்டின் இடப ஓரைப் பொருளும் மீண்டும் ஆராயப்பட்டது. அதன் நடுவிலுள்ளது ஒரு மீனன்று, ஏறத்தாழ ஒன்பதாண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரட்டை மீன் எனத் தெரிந்தது. அதனைச் சூழ்ந்து அகச்சிவப்பில் மட்டுமே தெளிவாகப் புலப்படும் இரு பெரு வளையங்கள் 2010ஆம் ஆண்டு அறியப்பட்டன. ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி அவற்றை நுணுக்கமாகப் படமெடுத்து 2025இல் காட்டியது. ஒண்முகில், இரட்டை மீன், அகச்சிவப்பு என ஹெர்ஷல் தனித்தனியே கண்ட மூன்றும் அந்த ஒரே பொருளில் கூடியிருந்தன. அவர் காலத்தில் அதனை அறிந்தார் எவருமிலர்.

இறுதி நாள்கள்

1788ஆம் ஆண்டு மேரி என்னும் அம்மையாரை மணந்த ஹெர்ஷலுக்கு 1792இல் ஜான் என்னும் மகன் பிறந்தார். 1816ஆம் ஆண்டு வீரத்திருத்தகைப் பட்டம் கிடைத்தது. லண்டனில் தோன்றிய வானியல் கழகத்தின் முதல் தலைவராக 1821இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1822ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஸ்லவ் என்னும் ஊரில், தம் 83ஆம் வயதில் மறைந்தார். யுரேனஸ் கதிரவனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள் ஆகின்றன. அக்கோளைக் கண்டவரின் வாழ்நாள் அதன் ஓராண்டைக்கூட முழுமையாக எட்டவில்லை.

தமையனார் மறைந்தபின் கரோலின் அம்மையார் ஹனோவருக்குத் திரும்பினார். எழுபது வயதைக் கடந்த நிலையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 2500 பொருள்களையும் விண்ணின் பட்டை வரிசைப்படி மாற்றியமைத்து, அண்ணன் மகன் ஜான் மீண்டும் நோக்குதற்கேற்ற பட்டியலொன்றை உருவாக்கினார். இப்பணிக்காக 1828ஆம் ஆண்டு வானியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. ஜான் அப்பட்டியலைக் கையில் கொண்டு வட வானத்தையும், பின் தென்னாப்பிரிக்க முனைக்குச் சென்று தென் வானத்தையும் துழாவினார். 1848ஆம் ஆண்டு, 97ஆம் வயதில் கரோலின் மறைந்தார். அக்குடும்பத்தின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு 1888இல் வெளியான புதிய பொதுப்பட்டியலின் எண்களையே உலக வானியலறிஞர் இன்றும் வழங்குகின்றனர்.

ஹெர்ஷலின் முடிவுகளுள் சில நின்றன, சில வீழ்ந்தன. ஆனால் வீழ்ந்த முடிவுகளுக்கு அடியிலிருந்த குறிப்புகள் ஒன்றும் வீழவில்லை. கண்டதைக் கண்டவாறே, நாளும் இடமும் தவறாது எழுதி வைத்தமையால்தான், பிறப்பென அவர் எண்ணியது இறப்பென்று பின்வந்தோர் திருத்த முடிந்தது. ஒரு தோட்டத்தைச் சுற்றிவர ஒரு வாழ்நாள் போதும். அதன் செடிகளைச் சரியான வரிசையில் நிறுத்த எத்தனையோ தலைமுறைகள் வேண்டும். அடுத்த தலைமுறை தம்மைத் திருத்துவதற்கு வேண்டிய சான்றுகளைக் குறைவின்றி விட்டுச்செல்வதே ஆராய்ச்சியாளனின் கடமை என்பதை, கல்வி பயிலும் நாம் இவ்வண்ணனும் தங்கையும் வாழ்ந்த வாழ்விலிருந்து கற்றுக்கொள்ளலாம்.